ரோலருக்கு வைத்த பொட்டு

போட்டோக்கொப்பி எடுக்கும் மெசினுக்கும் நெற்றி உண்டு என்பதைப் போன வாரம்தான் கவனித்தேன். கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னக் கடை. ஆயுத பூசை முடிந்த மறுநாள். மெசினின் மூடியில் நட்டநடுவே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். கடைக்காரத் தம்பி ஒவ்வொரு தடவையும் பொட்டில் கை படாமல் மூடியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். மெசின் சூடேறச் சூடேற, காய்ந்த மையின் வாடையோடு சந்தன வாசமும் கலந்து வந்தது. அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு எத்தனை பிரதி வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. தம்பி மூன்று தரம் கேட்டிருக்கிறார். நான் அவருடைய மெசினின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொப்பி எடுக்கப் போனது மகள் பள்ளிக்கூடத்துக்குச் செய்கிற ஒப்படை. ஒன்பதாம் வகுப்பு. எமது பிரதேசத்து நினைவுச் சின்னங்களும் நூதனசாலைகளும் என்பது தலைப்பு. பிள்ளைகளின் ஒப்படை எல்லாம் அம்மாமாரின் ஒப்படை என்பது உங்களுக்கும் தெரியும்தானே. தலதா மாளிகை, வாவி, மாளிகைக்குப் பக்கத்தில் பழம்பொருள் வைத்திருக்கிற நூதனசாலை, பஹிரவகந்தை புத்தர் சிலை, வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் புதைத்த பழைய மயானம் என்று ஐந்து சேர்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் யார் கட்டியது, எப்போது கட்டியது, யார் பாதுகாப்பது என்று மூன்று வரி. ஆறாவது ஒன்று இல்லாமல் மிஸ் வாங்கமாட்டாவாம். இரண்டு நாளாக என் பின்னாலேயே திரிந்தாள். நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் ஆறாவதாக ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தச் சந்தன வாசம் வந்த பிறகுதான் வந்தது.

இப்படியான இடங்களில் வைத்திருக்கிற போர்டைப் பார்த்து எழுதுகிற வியாதி மகளுக்கு என்னிடமிருந்து ஒட்டியது. எங்கள் காலத்திலும் பள்ளிக்கூடத்திலிருந்து இதே இடங்களுக்குத்தான் கூட்டிப்போவார்கள். வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவளின் முதுகில் கொப்பியை வைத்து எழுதுவோம். போர்டில் இருக்கிறதெல்லாம் எழுதுங்கோ, சோதனைக்கு வரும் என்பார் சரித்திர டீச்சர். நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. அரசர் பெயரை எழுதினேன், ஆண்டை எழுதினேன், அதற்குக் கீழே இருந்த 'பாதணிகளைக் கழற்றவும், குப்பை போட வேண்டாம்' என்பதையும் எழுதினேன். தவணைச் சோதனையில் கட்டுரையை அந்த வரியோடுதான் முடித்தேன். டீச்சர் அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். அந்த வருடம் முழுக்க எனக்குப் 'பாதணி' என்றுதான் பெயர்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். போர்டில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை என்ற எண்ணம் அப்போது மண்டைக்குள் குந்தியது, பிறகு எழும்பவே இல்லை. வாவியை வெட்டினவர்கள் எத்தனை பேர், மத்தியானம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. போர்டில் இல்லாததை யார் யோசிப்பது? இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் பிற்காலத்தில் ஒரு நூதனசாலைக்குப் போர்டு எழுதக் கூப்பிட்டார்கள்.

ஹந்தானையில் இருக்கிற பெரிய தேயிலை நூதனசாலையை நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் சொல்வது கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறுகிற வழியில், மூடிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் கொழும்புக்காரக் கம்பனி ஒன்று திறந்த சின்ன இடம். ஏ.எல். எழுதி, பல்கலைக்கழகம் ஒரு மயிரிழையில் தவறி, வீட்டில் அலுமாரியைத் திறப்பதும் சாத்துவதுமாக நான் இருந்த காலம். அப்பா அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டியிலேயே ஊறிப்போனவர். நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் தேவை என்று யாரோ அவரிடம் சொல்ல, அவர் என் கையெழுத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

வேலை தந்த மானேஜர் சிங்களவர். இளவயதில் அந்தத் தொழிற்சாலையின் தோட்டத்திலேயே சின்னதுரையாக, அதாவது உதவி மானேஜராக, இருந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார். ஆனால் அவர் தமிழ் படித்ததெல்லாம் மலையில் ஆட்களை வேலை ஏவித்தான். அதனால் அவருடைய தமிழில் வா, போ, எடு, வை, வெட்டு, நில் மட்டும்தான் இருந்தன. மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துரைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? முதல் நாள் வீட்டுக்குப் போன் எடுத்து அப்பாவிடம், "மிஸ் அப்பாவா? நாளைக்கு மகளை அனுப்பு. சாப்பாடு கட்டிக் குடு" என்றிருக்கிறார். அப்பா போனை வைத்துவிட்டு, "ஆரிவன், என்னை நீ எண்டு கதைக்கிறான்?" என்று வீடு முழுக்க நடந்தார். பிறகு பழகப் பழக, அந்த மனிசனைப் போல ஒரு நல்ல மனிசன் இல்லை என்று அப்பாவே சொல்லத் தொடங்கிவிட்டார். மழை நாளில் நான் பஸ் ஏறும்வரை குடையோடு வீதியில் நிற்பார். "ஏறு. விழாதே. போ" என்று அனுப்பிவைப்பார்.

காலையில் கண்டியில் ஏறினால் பேராதனை, கெலிஓயா, கம்பளை. அங்கே இறங்கி இன்னொரு பஸ். மேலேயிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றி இறங்குகிற லொறிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு எங்கள் பஸ் ஏறும். வீதியோரத்துக் கட்டடம், நான்கு மாடி, தகரக் கூரை, வரிசையாக நூறு ஜன்னல். தோட்டத்து ஆட்கள் அதை ஸ்டோர் என்பார்கள். மூடி ஐந்தாறு வருடமாகியும் சுவரெல்லாம் தேயிலை வாசம். மேல் மாடியில் கொழுந்து வாட்டுவார்கள். கீழ் மாடியில் அரைப்பார்கள். அரைக்கிற ரோலரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பித்தளைப் பட்டிகள் பதித்த ஒரு பெரிய வட்ட மேசை. அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்புக் கூடு. கூட்டுக்குள் கொழுந்தைக் கொட்டினால், இரண்டும் சுற்றிச் சுற்றி அதை முறுக்கிப் பிழியும். ஆறு ரோலரில் ஐந்தைக் கம்பனி பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டது. ஒன்று மட்டும் மிச்சம்.

அந்த ஒன்றுக்கு நான் போர்டு எழுதினேன். எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு கப்பலில் வந்தது, ஒரு தடவைக்கு எவ்வளவு கொழுந்து கொள்ளும். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்ததை அப்படியே தமிழாக்கினேன். 'தேயிலை உருட்டற்பொறி' என்று தலைப்புப் போட்டேன். அதைப் படித்த ஒரு தோட்டத்து அம்மா, இது நம்ம ரோலராச்சே, யாரு இப்படிப் பேரு வெச்சது என்று கூட வந்தவரிடம் கேட்டதைக் காதால் கேட்டும், கேட்காத மாதிரி நின்றேன். பொறிக்கு முன்னால் சிவப்புக் கயிறு கட்டி, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை. தமிழ் எழுத்து என்னுடையது. சுழி சுழியாக, பார்க்கவே அழகாக இருக்கும்.

இனி என் பேரறிவைச் சொல்கிறேன். மானேஜர் கொழும்புக்குப் போயிருந்த ஒரு கிழமையில், ரோலரைப் பளபளப்பாக்கி அவரை அசத்துவோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மண்ணெண்ணெய், பழந்துணி, தேங்காய்த்தும்பு எல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பித்தளை மினுங்கியது. இரும்புக் கூட்டின் முகப்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துருவைப் போல ஒரு தடித்த கறள். கறுப்பும் சிவப்புமாக, கிரீஸ் ஏறி, கல்லாக இறுகிக் கிடந்தது. தும்புக்கு அசையவில்லை. கரண்டிக் காம்பால் சுரண்டினேன். வெங்காயம் உரித்தாற்போல அடுக்கடுக்காகக் கழன்றது. ஒவ்வோர் அடுக்கு கழலும்போதும் சந்தன வாசம் வந்தது. வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வாசனை கிரீஸ் பாவித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். காலையும் மாலையும் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளை நான். ஆனால் எங்கள் வீட்டில் நவராத்திரி என்றால் புத்தகம் அடுக்கி, பேனை வைத்து, சரசுவதி படத்துக்கு மாலை போடுவோம். அம்மாவின் தையல் மெசினுக்குக்கூட யாரும் பொட்டு வைத்ததில்லை. இரும்புக்குப் பொட்டு வைப்பார்கள் என்பது கச்சேரி லிகிதர் வீட்டில் யாருக்கும் தோன்றாத சங்கதி. அரை நாள் மூச்சைப் பிடித்துச் சுரண்டி, கடைசித் தூளையும் ஊதித் தள்ளி, வெறும் இரும்பைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். மானேஜர் வந்து பார்த்துவிட்டு, "நல்லம். நல்ல வேலை. தேத்தண்ணி குடி" என்றார்.

அடுத்த மாதம் ஆயுத பூசை வந்தது. வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் மருதமுத்து. ஸ்டோருக்குக் கீழே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்துக்காரர். அந்த ரோலரில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். வெள்ளை வேட்டி, தோளில் துவாய், கையில் தட்டம். தட்டத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமம், எலுமிச்சம்பழம், பொரிகடலை, ஒரு தேங்காய். ஸ்டோர் மூடிக் கிடந்த வருடங்களிலும் காவல்காரனைக் கேட்டு உள்ளே வந்து பொட்டு வைத்துவிட்டுத்தான் போவாராம். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், தட்டத்தோடு வந்தவர் சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார் என்பதுதான்.

இரும்பின் முகப்பை எட்டிப் பார்த்தார். தட்டத்தைத் தரையில் வைத்தார். "யாரும்மா தொடச்சது?" என்று என்னைக் கேட்டார்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் முதலில் வந்தது. அதற்குள் மானேஜர் என் பின்னால் வந்து நின்று, "மிஸ்தான் துடைச்சது. நல்லா துடைச்சது. பாரு, இப்ப எப்படி மினுங்குது" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"கறள் எண்டு நினைச்சிட்டன் ஐயா" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது கையை என் முன்னால் நீட்டினார். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் அடியோடு இல்லை. இளந்தாரியாக இருந்தபோது கொழுந்தைத் தள்ளிவிடப் போய் ரோலருக்குள் போனவையாம். ஒட்டுவதற்குத் தேடினார்களாம், கிடைக்கவில்லையாம். அன்றைய கொழுந்து அரைபட்டுத் தூளாகிக் கொழும்புக்குப் போய்விட்டது, எந்தத் துரைசானி குடித்தாளோ என்று அவர் சொல்ல, கூட வந்தவர்கள் பல தடவை கேட்டுச் சிரித்த பகிடிக்குச் சிரிக்கிற மாதிரி மெல்லச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அந்த வருசம் ஆயுத பூசைக்கு நான்தான் பொட்டு வெப்பேன்னு நின்னேன்" என்றார். "ரெண்டோட போதும், இனி ஒருத்தன் கைய கேக்காதேன்னு சொல்லி வெச்சேன். அப்புறம் இந்த ரோலரு யாரு கையையும் கேக்கல. ஸ்டோரு மூடுற வரைக்கும் கேக்கல."

நான் சுரண்டி எடுத்த ஒவ்வோர் அடுக்கும் ஒரு வருடம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஊதித் தள்ளிய அந்தத் தூளில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. என் போர்டில் கப்பல் வந்த ஆண்டு இருந்தது, கொழுந்தின் எடை இறாத்தலில் இருந்தது. இந்தக் கை இல்லை.

மருதமுத்து குனிந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். இன்றைக்குப் புதிதாக ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருக்கிறார். ஆனால் மானேஜர் குறுக்கே வந்துவிட்டார். கொழும்பிலிருந்து கண்டிப்பான உத்தரவு. பொருட்களில் எதையும் பூசக்கூடாது, வெளியாள் கயிற்றைத் தாண்டக்கூடாது. பலகையைக் காட்டி, "தொடாதே. போர்டு படி" என்றார். மருதமுத்து படித்தார். எழுத்துக்கூட்டி, விரல் இல்லாத கையால் ஒவ்வொரு சொல்லையும் காட்டிக்காட்டிப் படித்தார்.

"தொட்டாத்தான் சம்பளம்னு முப்பத்தஞ்சு வருசம் சொன்னீங்க தொரை" என்றார். "இப்ப தொட்டா தப்புங்கிறீங்க."

 ஓடாத மெசினுக்கு எதற்குப் பொட்டு என்று மானேஜர் முணுமுணுத்தார். எனக்கோ யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. என் சுழி எழுத்தைப் பிடுங்கி எறியலாமா என்று கை துடித்தது. ஆனால் முதல் வேலை, இரண்டு மாதச் சம்பளக்காரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பொட்டு வைக்காமல் அவரை அனுப்பியிருந்தால், அந்த மனிசன் பிறகு அந்தப் படி ஏறியிருக்க மாட்டார். அவருடைய விரல் போன கதையும் லயத்தோடு முடிந்திருக்கும்.

மருதமுத்து அங்கேதான் தன் கெட்டித்தனத்தைக் காட்டினார். சந்தனத்தை வைத்துவிட்டுத் தேங்காயைக் கையில் எடுத்தார். அதை இரண்டு கையாலும் மானேஜரிடம் நீட்டினார்.

"சரிங்க தொரை, பொட்டு வேணாம். தேங்காய மட்டும் ஒடைச்சிருங்க. மொதத் தேங்கா தொரதான ஒடைக்கணும்."

இது அந்த ஸ்டோரின் வழக்கம். வெள்ளைத் துரை இருந்த காலத்திலிருந்தே ஆயுத பூசையன்று முதல் தேங்காய் துரையின் கையால்தான். பெரியதுரை இல்லாத வருடம் சின்னதுரை. எங்கள் மானேஜரும் இருபத்து மூன்று வயதில் அதே இடத்தில் நின்று உடைத்திருக்கிறார். மூன்று தரம் அடித்தும் உடையாமல் ஸ்டோரே கொல்லென்று சிரித்ததாம். நீட்டிய தேங்காயை வேண்டாம் என்று சொல்ல ஒரு துரைக்கு வாய் வராது. அவர் முகம் மாறியது. தேங்காயை வாங்கினார். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸோடு கயிற்றைத் தாண்டி உள்ளே போனார்.

முதல் அடிக்கு உடையவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது அடிக்குத் தேங்காய் பிளந்து, தண்ணீர் பறந்து, என் போர்டில் விழுந்தது. 'உருட்டற்பொறி' கரைந்து வழிந்தது. மானேஜர் உடைந்த இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேங்காய் உடைத்தாயிற்று; இனிப் பொட்டு வைக்காமல் விட்டால் பூசை அரைகுறை. அது அவருக்கும் தெரியும், மருதமுத்துவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

"வை" என்றார் மானேஜர். "சுறுக்கா வை."

மரியாதை இல்லாத அந்தத் தமிழில் அவ்வளவு மரியாதையான ஒரு சொல்லை நான் பிறகு கேட்டதில்லை.

மருதமுத்து மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி, வெறும் இரும்பில் வட்டமாக அப்பினார். கைப்பழக்கம்; அளவு பிசகவில்லை. பிறகு குங்குமத்தைத் தானே வைக்காமல் என் பக்கம் திரும்பினார். "தொடச்ச கையாலேயே வெச்சிருங்கம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணல். பார்த்துவிட்டு, பரவால்ல, ரோலரு கண்ணாடி பாக்கவா போவுது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொரிகடலை சாப்பிட்டோம். மானேஜர் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டே, போர்டைத் திருப்பி எழுது என்று எனக்கு உத்தரவு போட்டார்.

புதுப் போர்டில் மருதமுத்துவின் கையைச் சேர்க்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மானேஜரும் கொழும்புக்கு எழுதினார். பதில் வரவில்லை. இன்னொரு தரம் எழுதினார், அதற்கும் வரவில்லை. உத்தரவு இல்லாமல் போர்டில் ஒரு சொல்லும் மாற்ற முடியாது. ஆனால் அட்டைக்கு உத்தரவு வேண்டாம் அல்லவா? தேயிலைப் பெட்டி அட்டை ஒன்றை வெட்டி, 'பொட்டைத் துடைக்க வேண்டாம்' என்று எழுதி ரோலரில் தொங்கவிட்டேன். அதற்குக் கீழே மானேஜர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினார். என்னைப் போல இன்னொரு புத்திசாலி வேலைக்கு வந்துவிட்டால் என்ற பயம்தான். வேறு நோக்கம் இல்லை.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். கப்பல், ஆண்டு, இறாத்தல் எல்லாம் எழுதிய பெரிய போர்டை யாரும் நின்று படிக்கவில்லை. அட்டையைப் படித்தவர்கள் எல்லாரும் கேள்வி கேட்டார்கள். எந்தப் பொட்டு, ஏன் துடைக்கக்கூடாது, யார் வைத்தது? வெள்ளைக்காரர் கேட்டார்கள், மாத்தறையிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் கேட்டன, அக்குறணையிலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளைகள் கேட்டார்கள். நான் சொன்னேன். மருதமுத்து வந்து நிற்கிற நாட்களில் அவரே கையைக் காட்டிச் சொல்வார். நாவலப்பிட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று, முன்னால் நிற்கிறவரின் முதுகில் கொப்பியை வைத்து எழுதினார்கள். எட்டிப் பார்த்தேன். 'பொட்டைத் துடைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். என்னை 'பாதணி' என்று கூப்பிட்ட அத்தனை பேரையும் அந்த இடத்துக்குக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது.

நான் நான்கு வருடம் அங்கே இருந்தேன். நான்கு ஆயுத பூசை. மானேஜர் ஒரு வருடமும் இரண்டாவது அடியில் தேங்காய் உடைத்ததில்லை. தோட்டத்து ஆட்கள் வந்து போகும்போது தாங்களும் ஒரு துளி குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். பொட்டு மறுபடி தடித்தது. பிறகு எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, கலியாணமாகி, பிள்ளையாகி, புசல்லாவை வீதியில் போகிற பஸ்ஸே மறந்துபோயிற்று. மானேஜர் ஓய்வு பெற்றதும், இரண்டு வருடம் கழித்துத் தவறியதும் பத்திரிகையில் பார்த்தேன். மருதமுத்து போனது ஒரு வருடம் கழித்து யாரோ சொல்லித்தான் தெரியும். நூதனசாலையும் மூடி, கட்டடம் ஹோட்டலாகிவிட்டது.

ஒப்படைக்கு ஆறாவது இடம் அதுதான் என்று போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நூறு ஜன்னலும் அப்படியே இருக்கின்றன; கண்ணாடி மட்டும் புதிது. உள்ளே குளிர்ந்த காற்று, ஏதோ பூவின் வாசம். ரோலர் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருட்டுப் பச்சையில் பளபளவென்று பெயின்ட் அடித்து, வட்ட மேசையில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பித்தளைத் தகடு, ஆங்கிலத்தில். மகள் உடனே கொப்பியை எடுத்து என் முதுகில் வைத்து எழுதத் தொடங்கினாள். எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனை இறாத்தல்.

நான் கூட்டின் முகப்பைத் தேடிப் போனேன். பச்சை, பச்சை, பச்சை. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. எழுதி முடித்து வந்த மகள்தான் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில என்னவோ முண்டிக்கொண்டு நிக்குது" என்றாள். தடவினேன். பெயின்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில், வட்டமாக ஒரு மேடு.

கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் ஓடி வந்தார். நம்ம மலைநாட்டுப் பிள்ளை. "மேடம், தொடாதீங்க" என்றார் பணிவாக. இனித் தொடவில்லை, கேட்கத்தான் வேண்டும், இது என்ன என்றேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெயின்ட் அடிக்க வந்த ஆட்கள் பழைய கிரீஸை எடுக்காமலே மேலே அடித்துவிட்டார்களாம், பிறகுதான் ஹோட்டல்காரர்கள் பார்த்தார்களாம்.

"கேட்டதுக்கு, துடைக்க வேணாம்னு அட்டை தொங்கிச்சு, அதான் துடைக்கலன்னு சொன்னாங்க மேடம்."

நான் சிரித்த சிரிப்பில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் எழுந்து பார்த்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட்டை எங்கே தம்பி என்றேன். அன்றைக்கே குப்பையோடு போட்டுவிட்டார்களாம். மகளையும் அந்தத் தம்பியையும் அந்தப் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, உங்களுக்குச் சொன்ன இந்தக் கதையைத்தான் சொன்னேன். தம்பி கேட்டு முடித்துவிட்டு, ரோலரின் முகப்பை மெல்லத் தொட்டுப் பார்த்தார். மகள் ஒப்படையில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினாள். யார் பாதுகாப்பது என்ற இடத்தில் 'பெயின்ட் அடித்தவர்கள்' என்று எழுதியிருக்கிறாள். மிஸ் என்ன சொல்வாவோ தெரியாது.

ஸ்டோர் வாசம் போய்விட்டது. அரைக்கிற சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கேட்டவர்களும் இப்போது இல்லை. மூன்று அடியில் தேங்காய் உடைக்கிற துரை இல்லை, மூன்று விரலில் சந்தனம் அள்ளுகிற கை இல்லை. என் சுழி எழுத்துப் போர்டும் அட்டையும் குப்பைக்குப் போய்விட்டன. குங்குமத்தின் சிவப்பும் பச்சைக்குள் போய்விட்டது. பொட்டு மட்டும் இருக்கிறது. அதை யாரும் துடைக்கவில்லை.